சுட்டுவிரல்

அறிக்கைத் தாளில் ஏழாவது கட்டம்
'தவறு யாருடையது' என்று கேட்கிறது.
எழுத விட்டிருக்கும் இடம் இரண்டு விரற்கடை.

ஆயுதக் கிடங்கின் மேசைமேல்
சிவக்கொழுந்தின் பிஸ்டல் உறை.
ஒரு கீறல் இல்லை.
பக்கத்தில், பழுப்பாகக் காய்ந்து விறைத்த
கைலித் துண்டு ஒன்று.

இந்த உறைக்குப் பூட்டு வெளிப்பக்கம்.
சுட்டுவிரலால் அழுத்தினால்தான் துப்பாக்கி எழும்பும்.
எவனும் பின்னாலிருந்து உருவ முடியாது.
உண்மைதான். மாசி மகத்தன்று
தேவனாம்பட்டினம் கடற்கரையில்
சாமிகள் தண்ணீருக்கு இறங்கிய நெரிசலில்
குடிகாரன் ஒருவன் ஞானவடிவின் இடுப்பைப் பிடித்துத் தொங்கினான்.
துப்பாக்கி அசையவில்லை.
அன்றைக்கே இன்னும் நாற்பது கேட்டு எழுதினேன்.
கையெழுத்து என்னுடையது.

பிறகு ஆல்பேட்டை.
சோதனைச்சாவடி, விடிகாலை இரண்டு நாற்பது.
பாண்டிப் பக்கமிருந்து
விளக்கை அணைத்துக்கொண்டு ஒரு மினி வேன்.
ஐஸ் பெட்டிக்கு அடியில் குவார்ட்டர் பாட்டில் என்று தகவல்.
ஓட்டியவன் குதித்தான்.
கையில் ஏதோ மினுங்கியது.

இழுத்தார்.
வரவில்லை.
அழுத்துமுன் இழுத்தால் இந்தப் பூட்டு இறுகும்.
இறுகினால் மனுஷன் இன்னும் ஓங்கி அழுத்துவான்.
எழுபத்தெட்டு கிலோ உடம்பும்
ஒரு விரல் நுனிக்கு வந்து சேர்ந்து
அழுத்து அழுத்து என்றது.
பூட்டு விட்டது.
விட்டது விரலுக்குத் தெரியவில்லை.

துப்பாக்கி மேலே வர வர
விரல் அழுத்திக்கொண்டே இருந்தது,
இப்போது அதற்கடியில் விசை.
வலது தொடையில் நுழைந்து
முழங்காலுக்குச் சற்று மேலே வெளியேறித்
தார்ச்சாலையில் ஒரு சில்லைப் பெயர்த்திருக்கிறது.

மினுங்கியது வேன் சாவி.
ஓடியிருக்கலாம் அவன். ஓடவில்லை.
இடுப்புக் கைலியைக் கிழித்து
தொடையில் கட்டுப் போட்டவன் அவன்தான் என்கிறார் ஏட்டு.
அதை எழுத இந்தத் தாளில் கட்டம் இல்லை.

இந்த விரலுக்குப் பெயர் வைத்தவர்
எதை நினைத்து வைத்தாரோ.
சுட்டு என்றால் காட்டுவது.
சுட்டு என்றால் சுட்டுவிட்டு.
அவன் இவன் என்று நீள்வதும் இதே விரல்தான்.
இரண்டுக்கும் நடுவே உவன் என்று ஒருவன்
இலக்கணத்தில் நின்றுகொண்டிருந்தான்.
அவனை இப்போது யாரும் சுட்டுவதில்லை.
ஏழாவது கட்டத்துக்கு அவன் பொருந்துவான்.

சொல்லிக்கொடுத்தவன் நான்.
மைதானத்து வேப்பமரத்தடியில், டீ வருவதற்குள்,
ஆளுக்கு மூன்று முறை, குண்டில்லாமல்.
வளைக்காமல் நீட்டி அழுத்துங்க,
வெளியே வந்ததும் விரலைச் சட்டத்தின்மேல் படுக்கப் போடுங்க.
எல்லோரும் சரியாகச் செய்தார்கள்.
யார் நெஞ்சும் அடித்துக்கொள்ளாத
காலைப் பத்து மணி.

நேற்று கிடங்கைப் பூட்டிக்கொண்டு
உட்கார்ந்து எழுந்தேன், உட்கார்ந்து எழுந்தேன்,
கண் இருட்டும்வரை.
அப்புறம் வெற்றுத் துப்பாக்கியை உருவினேன்.
இருபது தடவையில் நான்கு தடவை
டிக் என்றது
என் தொடையை நோக்கி.

கட்டைவிரலால் திறக்கிற உறை இருக்கிறது.
விலை கூட.
ஆனால் கட்டைவிரலுக்கு
விசைப் பக்கம் ஒரு வேலையும் இல்லை.
எட்டாவது கட்டம் 'பரிந்துரை'. அதில் எழுதிவிட்டேன்.
ஏழு காலியாகக் கிடக்கிறது.

அரசு மருத்துவமனை, மாடி வார்டு.
கால் உயரக் கட்டியிருந்தது.
கட்டிலின் இரும்புச் சட்டத்தின்மேல்
அவருடைய சுட்டுவிரல் நேராக நீண்டு படுத்திருந்தது.
நான் அதையே பார்ப்பதைப் பார்த்துக்
கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

வேன்காரனுக்கு ஜாமீன் கிடைச்சுதா, என்றார்.
நாளைக்கு என்றேன்.
அவனுக்கு ஒரு கைலி வாங்கணும்யா.
கோடு போட்டதா என்ன,
அந்த இருட்டுல நான் பார்க்கல.

கட்டம் போட்டது, என்றேன்.