ஆறாம் பாடவேளை

பார்ன்ஸ்லி, மெதடிஸ்ட் கோயிலின் பின்கூடம்.
வியாழக்கிழமை, ஐந்தேகால்.
முப்பது தலை இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது.
பெவர்லியைக் கழித்து முப்பத்துமூன்று எண்ணினேன்,
எல்லாம் ஈரக் கோட்டுகள்.

பெவர்லியை வெளியே அனுப்பிவிட்டோம்.
அவளுடைய விலையைப் பேசும்போது
அவள் இருக்கக் கூடாது என்பதும் விதிதான்.
சுவருக்கு அப்பால், குசினியில்,
கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
குழாய் திறப்பதும் மூடுவதும் கேட்டது.

நான் பொருளாளர்.
பௌதிகம் படிப்பிப்பவளுக்குக் கணக்கு வரும் என்று
யாரோ நினைத்ததால்.
தாளில் இருந்ததை வாசித்தேன்:
இதுவரை ஒவ்வொரு பள்ளியும் பிள்ளைக்கு இத்தனை பென்ஸ் என்று
பொதுப் பானையில் போட்டது.
பெவர்லி சங்க வேலைக்குப் போகும் மூன்று நாளும்
அவள் வகுப்பில் நிற்கும் ஆளுக்கு
அதிலிருந்துதான் சம்பளம்.
இப்போது ஏழு பள்ளிகள் ஒரு டிரஸ்டின் கீழ்.
டிரஸ்ட் இரண்டு வரிக் கடிதத்தில் கையை எடுத்துவிட்டது.
ஆகவே நாமே, ஆளுக்கு மாதம் மூன்று பவுண்.

"ஒரு கோப்பியின் விலை..." என்று தொடங்கிய ஒருவர்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
முன்வரிசையில் இருந்த புது ஆசிரியைகள்
கோப்பியை வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவருபவர்கள்.

நைஜல் ஓல்ட்ராய்ட் எழுந்தார்.
இருபத்தாறு வருடம் ஒரு பென்னி வாங்காத பள்ளிப் பிரதிநிதி.
சம்பளம் தொட்ட கை முஷ்டியாகாது, என்றார்.
அதன் நியாயம் எனக்கு விளங்கியது.
என் மொழியில் அதற்கு ஒரு வசவே உண்டு:
கூலிக்கு மாரடிக்கிறது.
பிணம் யாருடையதானாலும்
நெஞ்சில் ஒரே அளவு அடி.

கேலம் ஹெப்வொர்த், உடற்பயிற்சி, வேலைக்கு வந்து இரண்டாம் வருடம்,
கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.
இந்தப் பக்கத்துச் சுரங்கங்களில்
நிலக்கரி நிறுக்கும் தராசருகே
தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பிடித்துக் கொடுத்து
ஓர் ஆளை நிறுத்தி வைத்தார்களாம்.
"அவன் கரி வெட்டவில்லை. பார்த்தான். அவ்வளவுதான்.
அவன் நிற்காத நாளில் வண்டிக்கு எடை குறைந்தது."
சொல்லிவிட்டு முகம் சிவந்து உட்கார்ந்தான்.

நான் பேசவில்லை. பொருளாளர் வாசிப்பதோடு சரி.
பேசியிருந்தால் இதைத்தான்:
போன மார்ச்சில், செவ்வாய், பின்னேரம் இரண்டு பத்து,
என்னை ஓர் அறைக்கு அழைத்தார்கள்.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்,
ஒரு தண்ணீர்க் குடுவை,
என் பெயரைப் பிழையாக எழுதிய கோப்பு.
காலையில் ஒருத்தி கேக் கொண்டுவந்து தந்திருந்தாள்.
இன்னொருவர் கண்கலங்கினார்.
அன்பு இருந்தது எல்லாருக்கும்.
ஆறாம் பாடவேளையும் இருந்தது எல்லாருக்கும்.

பக்கத்துக் கதிரையில் பெவர்லி.
மாரில் அடித்துக்கொள்ளவில்லை.
பேனாவைத் திறந்து
"முதலில் பெயரைத் திருத்துங்கள்" என்றாள்.
அந்த நேரம் அவள் இடத்தில் நின்று
ஏழாம் வகுப்புக்கு
ஆறுகள் எப்படி வளைகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்த
முகம் தெரியாத ஆளுக்கு
யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள்.
அன்று எனக்கு அது தோன்றவில்லை.

வாக்கெடுப்பு.
மூன்று நாள் தீர்மானம் தோற்றது, பதினைந்துக்குப் பதினெட்டு.
திருத்தம்: இரண்டு நாள், இரண்டு பவுண்,
ஒரு வருடம் பார்ப்போம்.
பத்தொன்பது கைகள். நைஜலுடையது இல்லை.
ஆனால் போகும்போது மேசையிலிருந்த வங்கிப் படிவம் ஒன்றை
மடித்துச் சட்டைப்பையில் வைத்ததைக் கண்டேன்.
நிரப்புவாரோ, தெரியாது.

குசினிக்குப் போய்ச் சொன்னேன்.
கைகளைத் துடைத்தபடி
"எந்த இரண்டு?" என்றாள்.
அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

ஜன்னல் கட்டையில் அவள் தொலைபேசி
கவிழ்ந்து கிடந்து அதிர்ந்தது.
வியாழன், ஆறு நாற்பது.
ஈரம் காயாத விரலால் எடுத்து,
"ம், சொல்லுங்கள்" என்று சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

மிச்சக் கோப்பைகளை நான் கழுவினேன்,
குழாயை மெதுவாகத் திறந்து.