துணை, எண்ணிக்கையில்

பீல் நகரத்து மருத்துவமனையில்
படிவங்களுக்கு இரண்டு மொழி:
இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் பிரெஞ்சு.
மூன்றாவதுக்கு நான்,
மணிக்கணக்கில் சம்பளம்.
சொன்னதைச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது.
கண் துடைக்கக் கடதாசி நீட்டுவதுகூட
விதிப்படி என் வேலை இல்லை.

சுகிர்தா வந்தது பிள்ளைக்காக.
நாலு வருஷம். கந்தசஷ்டி விரதம் மூன்று.
மாமி தொலைபேசியில் கேட்ட ‘ஏதும் விசேஷமோ’வுக்குக்
கணக்கில்லை.
கருக்குழாய் இரண்டும் அடைப்பு என்றது படம்.
ஏன் என்று சொன்னது அடுத்த பரிசோதனை:
கிளமீடியா.
அதற்குத் தமிழ் எனக்கும் தெரியாது.
ஏதோ பூவின் பெயர்போல இருக்கு என்றாள்.

டாக்டர் எபிஷர் பக்கத்தைத் திருப்பினார்.
முதல் உறவு எத்தனை வயதில்?
முப்பத்தொன்று. தாலி கட்டி மூன்றாம் நாள்.
புகை? இல்லை.
மது? வேலையிடத்துக் கேக்கில் இருந்தால்.
கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை துணை?

வேறு சொல் வரவில்லை எனக்கு.
கல்யாணக் கார்டின் நெற்றியில் அச்சடிக்கிற சொல்.
சுகிர்தா சிரித்துவிட்டாள்.
“முருகனையும் சேர்த்தோ, அக்கா?”
அதையும் மொழிபெயர்த்தேன். விதி.
டாக்டர் சிரிக்காமல் 1 என்று எழுதினார்.

உறை பாவிப்பதுண்டா?
இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அவளுக்கு வேலை,
சலவைப் பகுதி,
நாளுக்கு முன்னூறு தலையணை உறை.
எந்த உறை என்று புரியக்
கொஞ்ச நேரம் பிடித்தது.
பிள்ளை வேணும் எண்டு நிக்கிறம், உறை எதுக்கு என்றாள்.
சரியான பதில்.
எல்லாமே சரியான பதில்.
ஆபத்து என்று படிவம் தேடிய எதுவும்
அவளிடம் இல்லை.

அவர் மாசத்தில் இரண்டு சனி ஞாயிறு வருவார்.
செர்மாட்டில் ஹோட்டல் சமையல்,
பருவ வேலை.
இதை யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.
சொல்லி முடித்ததும்
தன் குரலை வேறு யாரோ மொழிபெயர்த்துக் கேட்டவள்போல்
நிமிர்ந்தாள்.

பேனையைக் கேட்டு வாங்கினாள்.
அந்த 1-ஐ வெட்டவில்லை.
பக்கத்தில் தமிழில் எழுதினாள்:
அவருக்கு?

என்ன இது, பதிலா என்றார் டாக்டர்.
இல்லை, உங்கள் படிவத்தில் விட்டுப்போன கேள்வி என்றேன்.
கூட்டித்தான் சொன்னேன்.

ஏழு நாள் குளிசை, காலையும் இரவும்.
அவருக்கு ஒரு கடிதம்,
பரிசோதிக்க வரச்சொல்லி.
அவர் வராவிட்டால் இவளுக்குத் திரும்பவும் வரலாம்
என்பதும் அதில்.

இரண்டு மணி வேலைக்கு நேரமாயிற்று.
லிஃப்டுக்குள் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள்,
மடித்து வைத்தாள்.
“உறையை ஒட்டுறதோ அக்கா,
திறந்தபடி விடுறதோ?”

என்னிடம் கேட்ட கேள்வி.
கீழ்த்தளம் வந்துவிட்டது.