நாலு பென்னி அல்லது ஒரு ஜோடி செருப்பு

இன்றைக்குக் கப்பல் இல்லை என்று
பதினோராவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
தென்மேற்குக் காற்று. ஐலா தீவு
இந்தக் கண்ணாடிக்கு அப்பால் எங்கேயோ
இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் கடைசியாக வந்தார்.
ஒன்டாரியோவிலிருந்து. லோர்ன் டூவர்.
பிளாஸ்டிக் உறையில் ஒரு தாளைப் போட்டு
மார்போடு அணைத்திருந்தார்
டாக்டரிடம் எக்ஸ்ரே கொண்டுபோகிறவர் மாதிரி.

தாளில் ஒரு மரம்.
அடியில் அவருடைய பேத்திகள்.
மேலே ஏற ஏறப் பெயர் கலைகிறது:
டூவர், டியூயர், டோர்.
பாதிரியார் ஞானஸ்நானப் பதிவில் எழுதியது ஒன்று,
குத்தகை வசூலித்தவன் எழுதியது இன்னொன்று.
அவனுக்குப் பணம் வந்தால் சரி,
எழுத்து எக்கேடு கெட்டால் என்ன.
உச்சாணியில் மக்கின்டோர் என்று ஒரு டூகல்ட்.
உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே கறுத்த வருஷம்
மனைவியும் ஐந்து பிள்ளைகளுமாகக் கப்பலேறியவன்.
கியூபெக்கில் இறங்கும்போது பிள்ளைகள் மூன்று.

'இப்படி ஒரு பெயரை
இந்தப் பக்கம் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?'

என் சட்டையில் குத்தியிருந்த பட்டையைப் பார்த்தார்.
அதில் எஃபி என்று மட்டும்தான் இருக்கிறது.

ஜோரக் என்றால் அந்நியன்.
வழிப்போக்கன். ஊருக்குச் சொந்தமில்லாதவன்.
வால் கொஞ்சம் தேய்ந்தால் ஜோர், அது கண்ணீர்.
வருகிறவர்களுக்குக் கண்ணீர்தான் பிடிக்கிறது,
காப்பிக் குவளையில் அச்சடிக்கத் தோதாக.

பழைய பத்திரம் சொல்வது வேறு.
ஒரு புனிதரின் கைக்கோலைச் சுமந்தவன் ஜோரக்.
பள்ளத்தாக்கில் யாருடைய மாடாவது களவு போனால்
இவன் கதவைத் தட்டுவார்கள்.
கூலி நாலு பென்னி, அல்லது ஒரு ஜோடி செருப்பு,
கிளம்புகிற அன்றைக்கு ராச்சாப்பாடு.
அவ்வளவுதான். அதற்குப் பிறகு
மாடு போன திசையெல்லாம் அவன் போகவேண்டும்
ராஜ்யத்தின் எல்லை வரைக்கும்.
திரும்பி வருவதற்கு என்ன தருவார்கள் என்று
எவனும் எழுதி வைக்கவில்லை.

அப்படிப் பார்த்தால்
போனவர்கள்தான் பெயருக்கு உண்மையாக நடந்தார்கள்.
புரூஸ் கவுண்டியில் காட்டை வெட்டினார்கள்.
அந்தக் காட்டுக்கும் அதன் ஆட்களுக்கும்
முன்பே பெயர்கள் இருந்தன,
லோர்னின் தாளில் அவற்றுக்குக் கிளை இல்லை.
ஒருவன் மனிடோபாவில் தண்டவாளம் போட்டான்.
லோர்னின் அப்பா டெட்ராய்ட்டில்
முப்பது வருஷம் காருக்குக் கதவு மாட்டினார்,
இடது கதவு மட்டும்.

நாங்கள் என்ன செய்தோம்? இருந்தோம்.
அடுத்தவன் ஆட்டுக்கு வேலி கட்டிக்கொண்டு,
சொந்தப் பெயர் போ, போ என்பதைக்
காதில் வாங்காமல்.
நான் போன தூரம் கிளாஸ்கோ.
ஒரு கல்யாணம், ஒன்பது வருஷம்.
அங்கே என் பெயர் டன்லப்.
திரும்பும்போது அதைச் சாவியோடு சேர்த்து
மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் கட்டிப்பிடிப்பார். போட்டோ எடுப்பார்.
தாளின் ஓரத்தில் எனக்கும் ஒரு குச்சி வரைவார்,
நுனியில் இலை இல்லாமல்.

'இருக்கலாம்,' என்றேன்.
'கல்லறைத் தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.'

கல்லறைத் தோட்டத்தில் யாரைக் கேட்பது என்று
அவரும் கேட்கவில்லை.
ஷூவைக் கழற்றி ஹீட்டர்மேல் கவிழ்த்தார்.
அட்லாண்டிக் சொட்டியது.

தொலைந்த சாமான்கள் பெட்டியில்
இரண்டு வருஷமாக யாரும் தேடி வராத
பச்சை ரப்பர் பூட்ஸ் கிடந்தது.
எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.
என் டப்பாவிலிருந்து சாண்ட்விச், மீன்தான், பாதி.

'எவ்வளவு தரவேண்டும்?' என்று பர்ஸைத் திறந்தார்.
'நாங்கள் தரவேண்டியதுதான்,' என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.
எழுந்து நாலடி நடந்து பார்த்தார்.
இடது கால் கொஞ்சம் இறுக்கம் என்றார்.