பெரிய ற

"குடும்பத்துல வேற யாருக்காவது?"
டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.
"எனக்கு சுகர் உண்டு" என்றாள் அம்மா.
"அவளுக்க அப்பாவுக்கு பிரஷர்."
"வேற?"
"வேற ஒண்ணும் இல்ல சாரே."
மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
அந்தச் சின்ன அறையில்
'இல்லை' என்று எழுதப்படும் சத்தம் கேட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்:
மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை
நெய்யாற்றின்கரையில் யாருக்கோ கல்யாணம்.
களியக்காவிளையில் முதல் பஸ்ஸைப் பிடித்து
அம்மா தனியாகப் போவாள்.
தூக்குப் பாத்திரத்தில் அவித்த மரச்சீனி,
நல்லமிளகு இட்ட சாளைக்கறி,
பேப்பரில் பொதிந்த இரண்டு பாவாடை.
கல்யாண வீட்டுக்கு யாராவது சோறு கொண்டுபோவார்களா?
எட்டு வயதில் எண்ணத் தொடங்கினேன்.
நாற்பத்தாறு கல்யாணம்.
ஒன்றிலிருந்தும் ஒரு லட்டு வந்ததில்லை.
பிறகு ஒரு ஆனி மழையில் கல்யாணங்கள் நின்றன.
தலைவலி என்று அம்மா ஒரு வாரம் படுத்தாள்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எல்லோரையும்
ஊளம்பாறைக்கு அனுப்புவார்கள்.
கணக்கு சார்கூட.
சிரித்துக்கொண்டே நாங்களும் போய்வருவோம்.
எங்கள் வீட்டில் மட்டும் அந்தச் சொல்லை
விளையாட்டுக்கும் யாரும் சொன்னதில்லை.
ஒருமுறை தம்பி சொன்னான்.
அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை,
சோற்றில் தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்து போனார்.

இப்போது என் பிள்ளைக்கு நாற்பது நாள்.
உறக்கம் போய் எனக்குப் பதினோரு நாள்.
இந்த ஊரில் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.
மூன்று மணிக்கே ரப்பர் விளைக்குள்
நெற்றி விளக்குகள் இறங்கிவிடும்.
பால் வெட்டப் போகிற தாசையன் மாமா
வேலிக்கு அப்புறம் நின்று கேட்பார்,
"நேரத்தே எழும்பிட்டியா மக்களே?"
எழும்ப வேண்டுமென்றால்
முதலில் உறங்க வேண்டும் மாமா.
சொல்லவில்லை.
கிணற்று மூடிமேல் புதிதாக
ஆறு செங்கல் ஏற்றிவைத்தது யார் என்றும்
அம்மாவிடம் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது,
குழித்துறைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது,
ஆற்றைப் பார்த்தபடி அம்மா சொன்னாள்:
"அவளுக்கும் பிள்ள பெத்த பொறவுதான்."

எந்தப் பிள்ளை?
அந்தப் பிள்ளை எங்கே?
கேள்வி தொண்டைவரை வந்தது.
அம்மா என்னை அப்போது பார்க்கவில்லை,
தன் மடியில் கிடந்த என் மகளின் வாயை
முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்,
பால் எதுவும் வழியாத வாயை.
வேண்டாம். இன்றைக்கு இது போதும்.

மருந்துச் சீட்டைத் திருப்பிப் பிடித்தேன்.
கைப்பையில் பேனா இருந்தது.
"பேரு?"
பாலம் முடிந்தது, மீன் சந்தை போனது,
ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க்.
"றோஸ்லெட்."
முப்பத்திரண்டு வருடத்தில் முதல்முறை
அந்தப் பெயரைக் கேட்கிறேன்.
அம்மாவும் கேட்கிறாள் என்று தோன்றியது.
"சின்ன ரவா, பெரிய றவா?"
"பெரிய ற."
கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள்,
"அவ அப்பிடித்தான் எழுதுவா."

எழுதுவாள்.
அப்படியானால் எங்கள் வீட்டில் எங்கோ
அவள் எழுதியது இருக்கிறது.