புகார்ப் புத்தகத்தில் என் கையெழுத்து

வல்பரைசோவில் ஜூலை மழை
மேலிருந்து பெய்வதில்லை.
கடலிலிருந்து பக்கவாட்டில் வரும்,
குடைக்குள்ளும் நுழையும்.
அன்று மருந்துக்கடையில் எனக்கு முன்னால் ஆறு பேர்.
எண் அச்சடித்த சீட்டு கையில் நனைந்துகொண்டிருக்க
மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரைக்காக நின்றிருந்தேன்.

கல்லாவில் இருந்தவள் பெயர் யாஸ்னா.
சட்டையில் குத்திய அட்டையில் படித்தேன்.
பெயருக்குக் கீழே சிரிக்கும் முகம் ஒன்று வரைந்திருந்தது.
அந்த முகத்துக்கும்
மேலே இருந்த முகத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.
மூக்கோரம் தோல் உரிந்திருந்தது.
கண்கள் வேகவைத்து எடுத்தது மாதிரி.
இருமல் வரும்போதெல்லாம்
முழங்கை மடிப்பில் முகம் புதைத்தாள்,
நிமிர்ந்து
"அடுத்தவர்" என்றாள்.

"காய்ச்சலா?" என்றார் எனக்கு முன்னால் நின்றவர்.
"ஒவ்வாமை" என்றாள்.
நடுக்குளிர்காலத்தில்
இந்த ஊரில் எந்தப் பூ பூக்கிறது?

மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் வைத்தாள்.
நாணயங்கள் சுட்டன.
மிகையில்லை, சுட்டன.

புகார்ப் புத்தகம் கேட்டேன்.
அவளே குனிந்து எடுத்துத் தந்தாள்.
பேனாவும் அவளுடையதுதான்;
மருந்துத் திரவம் தொட்ட பஞ்சால்
ஒருமுறை துடைத்து நீட்டினாள்.

எழுதினேன்:
நோயாளிகள் வருகிற இடத்தில்
நோயாளி ஒருத்தியை உட்கார வைப்பது என்ன நியாயம்?
என் வீட்டில்
எழுபத்தொன்பது வயதில் ஒருவர் இருக்கிறார்.

ஒவ்வொரு சொல்லும் சரி.
இன்றைக்கும் ஓர் எழுத்தைக்கூட அடிக்க மாட்டேன்.
பெயர்: நிபால்டோ ஓயார்சூன்.
தொழில்: டிராலிபஸ் ஓட்டுநர்.
தொழில் என்கிற இடத்தில்
மை கொஞ்சம் திக்கியது.
பேனாவைக் குறை சொன்னேன்.

அடுத்த வியாழன் கல்லாவில் வேறொரு பெண்.
யாஸ்னா எங்கே என்று நான் கேட்கவில்லை.
பின்னால் நின்ற கிழவி கேட்டாள்.
"தெரியாது, என்னை வரச் சொன்னார்கள், வந்தேன்"
என்று சொன்னவளின் தொண்டையும்
கரகரத்தது.

சனிக்கிழமை, விடியற்காலை நாலரை.
தெர்மாமீட்டர் முப்பத்தெட்டரை காட்டியது.
உதறிவிட்டு மறுபடி வைத்தேன்.
அதே முப்பத்தெட்டரை.
"போகாதே" என்றாள் எடெல்மிரா,
போர்வைக்குள்ளிருந்து, கண் திறக்காமலே.
முதல் மூன்று நாளுக்குச் சம்பளம் வராது என்று
அவளுக்கும் தெரியும்.
மூன்று நாள் என்பது
ஒரு எரிவாயு உருளை,
மகனுக்குப் பாதிச் செருப்பு,
அப்புறம் அந்த மாத்திரை, அதே மாத்திரை.
இரண்டாம் முறை அவள் போகாதே என்று சொல்லவில்லை.
அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது;
சொல்லியிருந்தாலும் வந்திருக்கும்.

கன்னத்தில் இருமல் மிட்டாயை அடக்கிக்கொண்டு
வண்டி எடுத்தேன்.
டிராலிபஸ் சொந்தமாக ஓடுகிற ஜாதி இல்லை.
உச்சியில் இரண்டு கழிகள்
கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரைதான் ஓட்டம்.
பிடி விட்டால் நட்டநடுச் சாலையில் நிற்கும்,
பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான்.

துறைமுகத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பு
ஒருத்தி ஏறினாள், மார்போடு கட்டிய குழந்தை,
தொப்பிக்கு வெளியே ஒரு காது மட்டும்.
தாள் நீட்டினாள்.
பையிலிருந்து கையுறையைத் தேடி மாட்டிக்கொண்டு
சில்லறை கொடுத்தேன்.
அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"காய்ச்சலா?"

"ஒவ்வாமை."

வாய் முந்திக்கொண்டது.

அவள் எனக்கு நேர் பின் இருக்கையில் அமர்ந்தாள்.
பின்னால் இடம் நிறைய இருந்தது.
அங்கே போங்கள் என்று சொல்ல
என்ன காரணம் சொல்வது?
என் பக்க ஜன்னலை முழுசாகத் திறந்தேன்.
மழை மடியில் விழுந்தது.
"ஐயா, மூடுங்கள்" என்றாள்,
"பிள்ளைக்குக் குளிரும்."

திறந்தால் குளிர்.
மூடினால் நான்.

மூடினேன்.
அடுத்த சிக்னல்வரை
மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.
சிவப்பு விழுந்தது.