போக்கும் வரத்தும்

கொக்குவில் நிலையத்து மொட்டை மாடியில்
ஒரு வெள்ளைக் காளான்.
காகம் ஏறி இருந்தாலும்
செய்மதிகளிடம் நேரம் கேட்டபடியே இருக்கும்.
கேட்டதைக் கீழே கண்ணாடி இழைக்குள் விடும்.
முப்பது கிலோமீற்றர் தள்ளி
பருத்தித்துறைப் பெட்டி அதை வாங்கித்
தன் முள்ளைத் திருத்தும்,
செக்கனுக்குப் பதினாறு தரம்.

அன்று முழுக்கப் பச்சை விளக்கு.
வித்தியாசம் பூச்சியம் என்று
பருத்தித்துறை சத்தியம் பண்ணியது.
நெல்லியடியிலோ
அழைப்புகள் பாதி வசனத்தில் செத்தன.
"ஹலோ, அம்மாவுக்கு ஸ்கானிலை என்ன..."
அவ்வளவுதான்.

பெட்டி பொய் சொல்லவில்லை.
அதற்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று.
அதை நான் முகமாலையில் படித்தேன்.

இரண்டாயிரத்து மூன்று, எனக்குப் பதினொரு வயது.
இந்தப் பக்கம் புது நேரம்,
அந்தப் பக்கம் பழைய நேரம்,
நடுவில் அரை மணித்தியாலம்.
யாழ்ப்பாணத்தில் ஆறு மணிக்கு ஏறினோம்;
இறங்கையில் கிளிநொச்சிச் சுவரில் எட்டரை.
அங்கே இரண்டுக்கு வெளிக்கிட்டோம்;
வீட்டு மேசையில் ஐந்தரை.
போக இரண்டரை, வர மூன்றரை.
அதே பஸ், அதே குண்டும் குழியும்.
கூடிக் கிடந்த ஒரு மணித்தியாலத்தை
இரண்டாய்ப் பிரித்தேன், சீற்றில் விரலால் எழுதி.
அரை.
ஒன்றையொன்று காணாத இரண்டு மணிக்கூடுகளின் பிணக்கை
பஸ் சொல்லிவிட்டது.

இழைக்குள் ஒளியும் அந்த பஸ்தான்.
போகையில் இரண்டு முத்திரை, வருகையில் இரண்டு,
ஒரு கழித்தல், ஒரு பாதி.

ஆனால் வருகையில் மட்டும் வரிசை நீண்டால்?
அடுத்த மாதம் அப்படித்தான்.
சாவடியில் பைகளைக் கொட்டி
அண்ணாவின் கணிதக் கொப்பியைப் பக்கம் பக்கமாய்ப் பிரட்டி
இரண்டு மணித்தியாலம்.
கணக்குக்கு வரிசை தெரியாது.
அந்த வெயிலையும் இரண்டாய்ப் பிரித்து
மணிக்கூட்டின் தலையில் கட்டும்.
வித்தியாசம் ஒன்றரை என்று
முழு நம்பிக்கையோடு சொல்லும்.

இன்னொரு காளானை வானில் ஏற்றிப்
பருத்தித்துறைக்குக் கொண்டுபோனேன்,
வெளியிலிருந்து ஒரு சாட்சி.
பூச்சியம் என்றது
ஆயிரத்து அறுநூறு நானோசெக்கன் பிழை.
மீற்றருக்கு ஐந்து. இரட்டித்து வகுத்தால்
வரும் இழையில் மட்டும், எங்கோ,
அறுநூற்று நாற்பது மீற்றர் கூட.

"யூட், நவம்பர் வெட்டை எங்கை ஒட்டினது?"

வல்லை வெளியில் காற்று
வானின் கதவைப் பிடுங்கப் பார்த்தது.
குழியின் மூடியை இருவருமாய்க் கிளப்பினோம்.
உவர்த் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே
ஆணியில் தொங்கியது கறுப்புச் சுருள்.

"நல்ல மழை, மிஸ். வாற இழைதான் அறுந்தது.
கையிலை இருந்த றோலை அப்பிடியே போட்டன்.
வெட்டினால் பிறகு காணாதெல்லே."

அந்த இரவில் ரோர்ச்சை வாயில் கவ்வி
இந்தத் தண்ணீருக்குள்தான் நின்றிருக்கிறான்.
ஒன்றும் சொல்லாமல்
சுருளைத் தொட்டுப் பார்த்தேன்.
குளிராக, சாதாரணமாக இருந்தது.
அதற்குள்ளே ஒளி
சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது,
பிந்துகிறோம் என்று அறியாமல்.

மூடியை மூடினோம்.
பருத்தித்துறைக்குத் திரும்பி
பெட்டிக்கு ஒரு எண்ணைத் தட்டினேன்.
ஒரு கணம் மஞ்சள்.
பிறகு அதே பச்சை, அதே பூச்சியம்,
நேற்றுப் போலவே.
நெல்லியடியில் யாரோ
வசனத்தை முடித்திருப்பார்கள்.

யூட் தட்டை வடைப் பையைப் பிரித்து நீட்டினான்.
"அப்ப அந்த றோலைக் கழட்டத் தேவையில்லையோ?"

"தேவையில்லை.
அது கிடக்கெண்டு சொல்லியாச்சு."