நாற்பது பக்க மழை

வெற்றிடத்துக்கும் எடை உண்டு.
நம்பாதவர்கள்
ஈய எழுத்துகளைக் கையால் கோத்த யாரிடமாவது கேளுங்கள்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருக்கும்
ஒன்றுமில்லாததையும்
ஈயத்தில்தான் வார்த்து வைத்திருந்தோம்.

மொந்தெவிதேயோ. துறைமுகத்தை ஒட்டிய அச்சகம்.
அன்செல்மோ பிதெகாயினின் முதல் நாவல்
மாவு மூட்டைபோல வந்து இறங்கியது:
தொள்ளாயிரத்துப் பதினோரு பக்கம்.
நேலிதா எச்செபாரே கண்ணாடியைத் துடைத்தாள்,
பச்சைப் பென்சிலைச் சீவினாள்.
பதினான்கு மாதம் கழித்து என் மேசைக்கு வந்தவை
இருநூற்றுப் பன்னிரண்டு.

அதில் ஒரு மழை இருந்தது.
கதாநாயகியின் தகப்பன் செத்த இரவில் தொடங்கி
நாற்பது பக்கம் விடாமல் பெய்தது.
கூரைத் தகரம், குதிரை லாயம்,
வெள்ளத்தில் மிதந்துபோன அரை டஜன் நாற்காலிகள்.
எல்லாவற்றின் குறுக்கேயும் ஒரே கோடு.
ஓரத்தில் எழுதியிருந்தாள்:
"அன்றைக்கு மழை. போதும்."

மூன்று வருஷம் அவர் அவளோடு பேசவில்லை.
நான்காம் வருஷம் ஒரு பொட்டலம்:
அடுத்த நாவல், கடிதம் இல்லாமல்,
மேலே அரைக் கிலோ சீமைமாதுளை அல்வா.
அவள் இனிப்பைத் தொடவில்லை; நாங்கள் தின்றோம்.
பென்சில் சீவும் சத்தம் கேட்டது.

ஏழு நாவல்கள். பரிசுகள். வெளிநாட்டுப் பதிப்புகள்.
விமர்சகர்கள் ஒரே குரலில்
அவருடைய மௌனத்தைப் புகழ்ந்தார்கள்.
மௌனம்!
முடிதிருத்தும் கடையில்
தன் முறை முடிந்த பிறகும்
நாற்காலியை விட்டு எழாமல் பேசுகிற மனிதர்.

அவள் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கும்,
காகிதத்தின் எடைக்கும் அச்சக முகவரிக்கும் இடையில்,
ஆறு புள்ளி எழுத்தில்.
நான் கோத்ததுதான்.
ஒருமுறை திருட்டுத்தனமாக எட்டாக்கினேன்.
கண்டுபிடித்துவிட்டாள்.

இப்போது அவர் பெயரில் ஒரு தெரு.
திறப்பு விழாவுக்கு எங்களை அழைக்கவில்லை.
மறுநாள் பஸ் பிடித்துப் போனோம், அவளும் நானும்.
ஆற்றுக் காற்று என் தொப்பியைப் பிடுங்கியது.
கல்வெட்டில் மூன்று அடைமொழிகள்.
நின்று வாசித்தாள், கைப்பையைத் திறந்தாள்.
பளிங்கில் பென்சில் பிடிக்கவில்லை.
"இரண்டு அதிகம்" என்றாள்.
திரும்பும் வழியெல்லாம் வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த நாற்பது பக்கம் என்னிடம் இருக்கிறது.
எரிக்கச் சொன்னவள் அவள்தான்.
கொடுக்கும்போது ஒரு தாளை மட்டும்
கொஞ்ச நேரம் கையிலிருந்து விடவில்லை.
நாற்காலிகள் மிதக்கும் பக்கம்.

வெயில் நாட்களில் எடுத்துப் படிக்கிறேன்.
உண்மையைச் சொன்னால்
நல்ல மழை அது.